எழுதியதை எங்கே வைப்பது?



பல்லேபொலயிலிருந்து மாத்தளை நகருக்குப் போய்வருகிறவர்களுக்கு அலுவிகாரை புதிய இடமன்று. கண்டி - யாழ்ப்பாண வீதியின் ஓரத்தில் பெரும் பாறைகளுக்கிடையே அமைந்த குகை விகாரை அது. நான் கற்பிக்கும் இந்துக் கல்லூரி மாணவர்களை ஆண்டுக்கொரு முறையேனும் அங்கே அழைத்துச் செல்வது வழக்கம். "தமிழ் ஆசிரியருக்குப் பௌத்த விகாரையில் என்ன வேலை?" என்று சக ஆசிரியர் ஒருவர் ஒருமுறை கேட்டார். எழுத்தின் வரலாற்றைக் கற்பிக்க எங்கள் மாவட்டத்தில் அதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை என்றேன்.

கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா எனப்படும் வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகக் காக்கப்பட்டுவந்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது. தீபவம்சமும் மகாவம்சமும் இச்செய்தியைக் கூறுகின்றன. அவ்வேலை நடந்த இடம் அலுவிகாரை என்பது மரபு. பல நூறு ஆண்டுகளாக மனனம் செய்தே காத்து வந்தவர்கள் திடீரென்று ஏன் ஓலையை நாடினார்கள்? அக்காலத்தில் போரும் கொடும் பஞ்சமும் நாட்டை வாட்டின. மனனம் செய்தவர்கள் மாண்டுபோனால் மனனம் செய்ததும் உடன் மாண்டுபோகும் என்ற அச்சம் பிறந்தது. ஓலை அழகானது என்பதற்காக அவர்கள் அதற்கு மாறவில்லை. ஆள் போனாலும் சொல் நிற்கவேண்டும் என்பதற்காக மாறினார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அவ்விகாரையின் ஏட்டுச் சுவடிகள் அழிந்தன. மனத்தில் இருந்தால் மனிதனோடு போகும். ஏட்டில் இருந்தால் நெருப்போடு போகும். எழுதியதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இறுதியான விடை என்று ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை.

இந்தக் கேள்வி இன்று என் மேசைக்கு வந்ததற்குக் காரணம் ஒரு மாணவி. உயர்தர வகுப்பில் படிக்கிறாள், தோட்டத்திலிருந்து வருகிறவள். கடந்த தவணையில் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"சேர், எங்க தோட்டத்தப் பத்தி எழுதலாம்னு இருக்கேன். புளொக்கர்ல தொடங்கவா, வேர்ட்பிரெஸ்ல தொடங்கவா? எது சேர் நல்லது?"

"நாளைக்குச் சொல்கிறேன் பிள்ளை" என்றேன். நாளை ஒரு வாரமாயிற்று. அவளுக்கு விடை சொல்லத் தகுதி எனக்கு உண்டா என்ற ஐயமே காரணம். அந்த ஐயத்தின் கதையைப் பின்னர் சொல்கிறேன். முதலில், நம்மவர்கள் இத்தகைய தெரிவுகளை முன்னர் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்தில் அச்சு இயந்திரம் வைத்திருந்தவர்கள் பாதிரிமார். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் இயங்கியது. 1841இல் அமெரிக்க மிஷனரிமார் "உதயதாரகை" பத்திரிகையைத் தொடங்கினர். நல்ல அச்சு, நல்ல தாள், குறைந்த விலை. ஆறுமுக நாவலரும் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் பணிபுரிந்தவர்தாம். அச்சின் வலிமையை அங்கேயே அவர் நேரில் கண்டிருப்பார். ஆயினும் சைவ நூல்களைப் பிறர் அச்சகத்தை நம்பி வைக்க அவர் விரும்பவில்லை. 1849இல் சென்னைக்குச் சென்று அச்சு இயந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாலபாடமும் பெரியபுராண வசனமும் பரவியதற்குப் பின்னால் இந்தத் தீர்மானம் இருக்கிறது. பிறர் இயந்திரத்தில் அச்சிடுவது எளிது, செலவும் குறைவு. ஆனால் எதை அச்சிடலாம், எதை அச்சிடலாகாது என்ற முடிவு இயந்திரத்துக்கு உரியவரிடமே இருக்கும். இந்த உண்மையை நாவலர் அறிந்திருந்தார்.

மலையகத்திலோ நிலைமை வேறு. கோப்பிக் காலத்திலேயே, 1869இல், ஆபிரகாம் ஜோசப் என்பவரின் "கோப்பிக் கிருஷிக் கும்மி" அச்சில் வந்துவிட்டது. எனினும் தொழிலாளரின் சொந்தப் பாட்டுகள் அச்சேறவில்லை. அவை லயத்துத் திண்ணையிலும் கொழுந்து மலையிலும் வாயிலேயே வாழ்ந்தன. கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையாரும் தொழிலாளரை எழுப்ப நினைத்தபோது பத்திரிகையோடு நின்றுவிடவில்லை, பாட்டுகளையும் கையிலெடுத்தனர். படிக்கத் தெரியாதவனுக்கும் பாட்டு போய்ச் சேரும். ஒருவர் பாடினால் லயம் முழுவதும் கேட்கும். யாருக்காக எழுதுகிறோமோ அவர் இருக்கும் இடத்துக்கு எழுத்து போகவேண்டும் என்பது அவர்கள் கொண்ட கொள்கை.

ஆக, கணினி பிறப்பதற்கு முன்பே இரண்டு நியாயங்கள் நம்மிடையே இருந்தன. ஒன்று நாவலர் வழி: இடம் சொந்தமாக இருக்கவேண்டும். மற்றது நடேசய்யர் வழி: வாசகர் இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும். வலைப்பதிவின் வரலாறும் இவ்விரண்டுக்கும் இடையே நடந்த இழுபறிதான்.

வலைப்பதிவு என்பது நாட்குறிப்புப் போல, புதியது மேலும் பழையது கீழுமாக இணையத்தில் எழுதி வைப்பது. 1999ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பைரா லாப்ஸ் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் புளொக்கர் என்ற சேவையைத் தொடங்கியது. அதுவரை இணையத்தில் ஒரு பக்கம் வைக்க வேண்டுமென்றால் கணினி மொழி ஓரளவேனும் தெரியவேண்டும். புளொக்கரில் ஒரு பெட்டிக்குள் எழுதிப் பொத்தானை அழுத்தினால் போதும். 2003 பெப்ரவரியில் கூகிள் நிறுவனம் அதை வாங்கியது. பணம் கேட்கவில்லை.

இன்னொரு பக்கம், 2001இல் பென் திரொட், மீனா திரொட் என்ற தம்பதியர் மூவபிள் டைப் என்ற மென்பொருளை வெளியிட்டனர். நகரும் அச்செழுத்து என்பது அதன் பொருள். அச்சுக்கலையிலிருந்து எடுத்த பெயர். அதைப் பயன்படுத்துவோர் சொந்தமாக இணைய இடம் வாடகைக்கு எடுத்து அதில் நிறுவிக்கொள்ள வேண்டும். வல்லவர்கள் பலர் அதைத்தான் விரும்பினர். ஆனால் 2004 மே மாதத்தில் அதன் மூன்றாம் பதிப்பு வந்தபோது உரிம நிபந்தனைகள் மாறின. பலர் பணம் கட்டவேண்டிய நிலை வந்தது. உடனே கூட்டம் கூட்டமாக மக்கள் வெளியேறினர்.

வெளியேறியவர்களுக்குப் புகலிடமாக அமைந்ததுதான் வேர்ட்பிரெஸ். அதன் பிறப்பே கைவிடப்பட்ட ஒன்றிலிருந்து வந்தது. மிஷேல் வால்திரிகி என்பவர் எழுதிய "பி2" என்ற மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோயிற்று. அது எவரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு வெளிவந்தது. ஆகவே அமெரிக்க இளைஞர் மாட் முல்லன்வெக், இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டில் ஆகிய இருவரும் அதைத் தொடர்ந்து செப்பனிட்டு 2003 மே 27ஆம் திகதி வேர்ட்பிரெஸ் என்ற பெயரில் வெளியிட்டனர். இதிலும் அச்சகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். செய்தவர் கைவிட்டாலும் செய்பொருள் சாகாது என்பதே அந்த உரிமத்தின் சாரம். சொந்த இடம் எடுக்க வசதியற்றோருக்காக 2005இல் இலவச வேர்ட்பிரெஸ் தளமும் திறக்கப்பட்டது.

இவ்வளவையும் பார்க்கும்போது நம்மவர் பெருமளவில் வேர்ட்பிரெஸ் பக்கமே சென்றிருக்கவேண்டும் என்று தோன்றும். ஆனால் நடந்தது வேறு. தமிழ்ப் பதிவர்களில் மிகப் பெரும்பாலோர் புளொக்கரில்தான் குடியேறினர். அதற்கான காரணம் நம் எழுத்தின் வரலாற்றில் இருக்கிறது.

தொண்ணூறுகளில் இணையத்தில் தமிழ் எழுதியவர்கள் பட்ட பாட்டை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அந்த எழுத்துருவை இறக்கி நம் கணினியில் நிறுவாவிட்டால் திரையில் தமிழ் தெரியாது. பூச்சி ஊர்ந்தது போல் ஏதோ தெரியும். புலம்பெயர்ந்தோரிடையே திஸ்கி என்ற முறை வழங்கியது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையடுத்து தாம், தாப் என்ற முறைகள் தமிழ்நாட்டரசின் ஏற்பைப் பெற்றன. உலக மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தது. ஆனால் விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியன வந்த பின்னரே சாதாரணக் கணினியில் அது ஒழுங்காகத் தெரியலாயிற்று. 2003ஆம் ஆண்டு மாலனை ஆசிரியராகக் கொண்டு ஒருங்குறியில் தொடங்கிய "திசைகள்" மின்னிதழ் பலருக்கு வழிகாட்டியாயிற்று. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் தமிழ் வலைப்பதிவுகளும் தோன்றின.

ஆனால் அன்று நம் நாட்டு இணைய நிலையங்களில் இருந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 98தான் ஓடியது. அதில் ஒருங்குறித் தமிழைத் திறந்தால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறோரிடத்திலுமாகச் சிதறும். இதற்கு ஒரு மருந்து கண்டவர் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி. அவர் ஆக்கிய "தேனீ" என்ற இயங்கு எழுத்துரு, வாசகர் எதையும் நிறுவாமலே பக்கத்தோடு தானாக வந்து தமிழைக் காட்டியது. அதைப் பயன்படுத்த வேண்டுமானால் பதிவின் வார்ப்புருவுக்குள் சில வரிகளைச் சேர்க்கவேண்டும். புளொக்கரில் வார்ப்புருவைத் திறந்து திருத்தலாம். இலவச வேர்ட்பிரெஸ் தளத்தில் அதற்கு இடமில்லை. 2006இல் மறைந்த உமர்தம்பியின் பெயரைத் தமிழ் வலைப்பதிவு வரலாற்றை எழுதும் எவரும் விட்டுவிடக்கூடாது.

இரண்டாவது காரணம் தமிழ்மணம். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய இந்தத் திரட்டி, எங்கெங்கோ சிதறிக்கிடந்த தமிழ்ப் பதிவுகளை ஒரே பக்கத்தில் நேர வரிசைப்படி காட்டியது. எழுதியது கனடாவிலா கண்டியிலா என்ற வேறுபாடில்லை; எழுதிய சிறிது நேரத்தில் உலகத் தமிழர் கண்ணில் படும். ஊரில் சந்தை கூடுவது போல அங்கே வாசகர் கூடினர். அந்தச் சந்தையில் முழுமையாகப் பங்குபற்றத் தமிழ்மணத்தின் கருவிப்பட்டையைப் பதிவில் பொருத்தவேண்டும். இதற்கும் வார்ப்புருவைத் திருத்தவேண்டும். மீண்டும் புளொக்கரே கைகொடுத்தது. நண்பர் அங்கே இருக்கிறார், வாசகர் அங்கே வருகிறார், ஐயம் கேட்டால் சொல்லித்தரவும் அங்கேயே ஆளிருக்கிறார் என்றால் புதிதாக வருபவரும் அங்கேதான் வருவார். தொழில்நுட்பச் சிறப்பைக் காட்டிலும் அக்கம்பக்கமே ஆட்களை இழுத்தது.

வேர்ட்பிரெஸ் பக்கம் சென்றவர்களுக்கும் தக்க நியாயங்கள் இருந்தன. பதிவுகளைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் வசதி அங்கே தொடக்கத்திலேயே இருந்தது. என்றும் மாறாத தனிப்பக்கங்கள் வைக்கலாம். புளொக்கரில் அவ்வசதி 2010இல்தான் வந்தது. தேடுவோர் தாமே எடுத்துப் படிக்கும் வகையில் எழுத நினைப்பவருக்கு அது ஏற்ற இடம். மருத்துவரும் எழுத்தாளருமான எம். கே. முருகானந்தன் வேர்ட்பிரெஸில் பதிவு நடத்தியதை இங்கே நினைவுகூரலாம். அதே வேளை, அவுஸ்திரேலியாவிலிருந்து கானா பிரபா தம் இணுவில் நினைவுகளை எழுதிய "மடத்துவாசல் பிள்ளையாரடி" புளொக்கரில் வளர்ந்தது. நினைவுகளைப் பகிர்ந்து, அவற்றுக்குப் பின்னூட்டமாக வேறு நினைவுகளைப் பெறும் எழுத்து அது. அதற்குச் சந்தையும் சனமும் வேண்டும்.

நம் நாட்டுக்கு இதில் தனிச் சிறப்பொன்று உண்டு. 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபின் வடக்கிலிருந்து ஒரு சஞ்சிகை தெற்குக்கு வருவதே அரிதாயிற்று. நாங்கள் இங்கே மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணத்து நண்பனுக்கு அனுப்பிய கடிதம் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல இயலாது. ஆனால் பதிவுகள் போய்வந்தன. போர் முடிந்த ஆண்டின் ஆகஸ்டில், 2009இல், கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் இலங்கைத் தமிழ்ப் பதிவர்கள் முதன்முறையாகக் கூடினர். வானொலி அறிவிப்பாளர் லோஷன் போன்றோரும் அக்காலத்துப் பதிவர்களே. முகம் தெரியாமல் எழுத்தால் மட்டும் அறிமுகமானவர்கள் முதன்முறை கைகுலுக்கிக் கொண்ட நாள் அது.

இதுவரை சொன்னவை இடத்தைத் தேர்ந்தெடுத்தமைக்கான காரணங்கள். அந்த இடம் நிலைக்குமா என்ற கேள்வியை அன்று கேட்டவர் சிலரே.

2006 ஜூலையில் மும்பை இரயில் குண்டுவெடிப்புகளை அடுத்து இந்திய அரசு சில தளங்களைத் தடைசெய்யப் பணித்தது. இணைய சேவை நிறுவனங்கள் அந்தச் சிலவற்றை மட்டும் பிரித்துத் தடுக்காமல் புளொக்கரின் பதிவுகளை ஒட்டுமொத்தமாகவே சில நாட்கள் தடுத்துவிட்டன. குற்றமற்ற ஆயிரமாயிரம் பதிவுகளும் கண்ணில் படாமல் போயின. பொதுக் கூரையின்கீழ் இருப்பவருக்கு வரும் இடர் இது. 2009 ஒக்டோபரில் ஜியோசிட்டிஸ் மூடப்பட்டது. தொண்ணூறுகளில் நம்மவர் பலர் ஊர்ப் பக்கங்களும் கோயிற் பக்கங்களும் வைத்திருந்த இடம் அது. மைக்ரோசொப்டின் ஸ்பேசஸ் சேவை 2011இல் முடிவுக்கு வந்தது. அதன் பதிவர்களுக்கு மட்டும் வேர்ட்பிரெஸுக்கு மாற வழி செய்து கொடுத்தார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் தந்தையின் தாயை நாங்கள் அப்பாயி என்று அழைப்போம். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் பாட்டுகள் அவரிடம் குவிந்து கிடந்தன. தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து மலைப் பாட்டு, இன்னும் அவருடைய பாட்டியிடம் கேட்ட பழைய பாட்டுகள். மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்த கோப்பிக் காலத்து மக்களைப் பற்றிய பாட்டுகளும் அவற்றுள் இருந்தன. வழியில் விட்டுவந்த பிள்ளையை நினைத்து ஒரு தாய் அழும் ஒப்பாரி ஒன்று உண்டு. அதைப் பாடும்போது அப்பாயி இடையில் நிறுத்திவிடுவார். முழுதாகப் பாடி முடித்ததை நான் இரண்டே முறைதான் கேட்டேன். பேராதனையில் படித்த காலத்தில் விடுமுறைகளில் வந்து உட்கார்ந்து அவற்றை இரண்டு கொப்பிகளில் எழுதினேன்.

"எழுதி வச்சுக்க சாமி. நான் போயிட்டா இதெல்லாம் எங்கிட்டே வந்துரும்" என்பார். தம்மோடு வந்துவிடும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

2007இல் அவற்றை வலைப்பதிவில் ஏற்றத் தொடங்கினேன். சனிக்கிழமைகளில் மாத்தளைக்குப் போய் இணைய நிலையத்தில் மணிக்கணக்கில் பணம் கொடுத்து உட்கார்ந்து தட்டினேன். எந்தச் சேவையைத் தேர்ந்தெடுத்தேன் என்று பெயர் சொல்லவேண்டியதில்லை. இன்று அது இல்லை. ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன். என்னோடு படித்த நண்பன் அதில் இருந்தான். பக்கத்தின் மேலே வண்ணப் படம் வைக்கலாம். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக் காட்டும் ஒரு சிறு பெட்டியும் இருந்தது. அந்த எண் ஏறுவதைப் பார்க்கும் ஆசை எனக்கு. தமிழில் முதுகலை படிக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தவனின் ஆய்வறிவு அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்று பாட்டுகள் ஏற்றினேன். 2008இல் அப்பாயி காலமானார். அடுத்த மழைக்காலத்தில் வீட்டு அலுமாரியின் அடித்தட்டைக் கறையான் அரித்துவிட்டது. கொப்பிகள் இரண்டும் அதில் இருந்தன. மனைவி பதறினார். "பரவாயில்லை, எல்லாம் இணையத்தில் இருக்கிறது" என்று நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

பின்னர் பாடசாலை வேலை, பிள்ளைகள், இடமாற்றம் என்று நாட்கள் ஓடின. பதிவைப் பல மாதங்கள் திறக்கவே இல்லை. சேவையை நிறுத்தப் போகிறோம், உங்கள் எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் அறிவித்திருந்தார்கள். அறிவிப்பு வந்த மின்னஞ்சல் முகவரியை நான் பாவிப்பதை விட்டு நெடுநாளாகியிருந்தது. ஒருநாள் வகுப்பில் ஒப்பாரி பற்றிப் படிப்பிக்கும்போது ஓர் எடுத்துக்காட்டுக்காக அதைத் திறந்தேன். பக்கம் இல்லை.

தேடாத இடமில்லை. ஓரிடத்தில் முகப்புப் பக்கம் மட்டும் கிடைத்தது. எண்ணிக்கைப் பெட்டி அப்படியே இருந்தது, பாட்டு ஒன்றும் இல்லை. கடைசியில் கனடாவிலிருந்து ஒரு வாசகர் கைகொடுத்தார். முன்பு எப்போதோ பின்னூட்டம் எழுதியவர். தமக்குப் பிடித்த பாட்டுகளைத் தம் கணினியில் படியெடுத்து வைத்திருந்தார். பத்தொன்பது பாட்டுகள் வந்தன. மீதி இருபத்து நான்கும் போனவை போனவைதாம். அந்தத் தாயின் ஒப்பாரி போனவற்றுள் ஒன்று. முதல் அடியும் மெட்டும் எனக்கு நினைவிருக்கின்றன. அதற்கு மேல் வரவில்லை.

யாரையும் குறைசொல்ல நான் இதைக் கூறவில்லை. இலவசமாகக் கிடைத்த திண்ணையில் பொருளை வைத்துவிட்டு, திண்ணைக்காரர் கதவைச் சாத்தியபோது கூப்பிட்ட குரல் கேட்காத தூரத்தில் நான் இருந்தேன். பிழை என்னுடையது. அலுவிகாரைக்கு ஆண்டுதோறும் பிள்ளைகளை அழைத்துப் போய் விளக்கம் சொன்னவன், சொன்னதைத் தான் கேட்கவில்லை.

இதற்குப் பின்னரான வரலாறும் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் பதிவர்களில் பெரும்பாலோர் பேஸ்புக்கிற்குப் போய்விட்டனர். வாசகர் அங்கே போனார்கள், எழுதுவோரும் பின்னால் போனார்கள், நடேசய்யர் வழிதான். ஆனால் அங்கே எழுதியதை ஓராண்டு கழித்துத் தேடியெடுப்பது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான். புளொக்கரோ இன்றும் இயங்குகிறது. 2005இல் எழுதிய பதிவுகளை இன்றும் படிக்கலாம். அதற்காக நன்றி சொல்லவேண்டும். வேர்ட்பிரெஸ் பெரிதாக வளர்ந்து, 2021இல் உலக இணையத்தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவற்றைத் தாங்கும் நிலைக்கு வந்தது. அங்கும் பிணக்கில்லாமல் இல்லை. 2024இல் அதன் தலைமைக்கும் அதை நம்பித் தொழில் நடத்தும் பெரிய நிறுவனமொன்றுக்கும் மூண்ட சண்டை நீதிமன்றம் வரை சென்றது. ஆயினும் மென்பொருளின் உரிமம் பொதுவானது என்பதால், எவர் சண்டையிட்டாலும் அதை எடுத்துத் தொடர எவருக்கும் தடையில்லை.

நம் நாட்டில் இத்துறையில் ஆறுதல் தரும் செய்தி ஒன்று உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவில் சேமித்து எவரும் படிக்க வைத்திருக்கிறது. கறையானுக்கும் தீக்கும் தப்பிய தாள்கள் அங்கே இரண்டாம் உயிர் பெற்றன. எழுதும் இடம் வேறு, காக்கும் இடம் வேறு என்ற தெளிவு அத்தகைய முயற்சிகளிலிருந்து எனக்குக் கிடைத்தது.

ஒரு வாரம் கழித்து அந்த மாணவியைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, எதில் தொடங்கினாலும் நல்லதுதான். முடிவு செய்யுமுன் நாலு கேள்வி கேட்டுப் பார். நீ யாருக்கு எழுதுகிறாயோ அவர்கள் அங்கே வருவார்களா? உன் தமிழ் அங்கே சிதையாமல் தெரியுமா? எழுதியதை எல்லாம் ஒருநாள் மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா? அந்த இடமே நாளை இல்லாமற் போனால் உன் கையில் என்ன மிஞ்சும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்தக் கம்பனியும் விடை சொல்லாது. நீதான் சொல்லவேண்டும்."

இரண்டிலுமே எழுதியதை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது என்பதையும், மாதம் ஒருமுறை அதைச் செய்யவேண்டும் என்பதையும் சொன்னேன். என் பாட்டுகளின் கதையையும் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். தான் ஏற்கெனவே ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டுதான் தட்டச்சுச் செய்வதாகச் சொன்னாள். வீட்டில் கணினி இல்லை. அம்மாவின் கைபேசியில் இரவு ஒரு மணிநேரம்தான் கிடைக்குமாம். வறுமை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததை நான் இழப்பால்தான் கற்றேன்.

போகத் திரும்பியவள் நின்று கேட்டாள்.

"மிச்சம் பத்தொன்பது பாட்டு இருக்குன்னீங்களே சேர், அத எங்க வச்சிருக்கீங்க?"

எனக்கு விடை சொல்ல வாய் வரவில்லை. அவை என் வீட்டுக் கணினியில் இருந்தன. அந்த ஒன்றில் மட்டும். அதுவும் பழைய கணினி. சில நாட்களில் இரண்டு முறை அழுத்தினால்தான் உயிர் பெறும்.

அன்று மாலையே மாத்தளைக்குப் போனேன். பத்தொன்பது பாட்டுகளையும் மூன்று படிகளாக அச்செடுத்துக் கட்டுவித்தேன். ஒன்று வீட்டில், கறையான் ஏறாத மேல்தட்டில். ஒன்று பாடசாலை நூலகத்தில். மூன்றாவது படி அந்த மாணவியிடம். அவளுடைய தோட்டத்தில் வயதான பெண்கள் சிலர் இன்னும் இருக்கிறார்களாம். அந்த ஒப்பாரியின் முதல் அடியை ஒரு தாளில் எழுதி, மெட்டையும் மெதுவாகப் பாடிக் காட்டி அனுப்பியிருக்கிறேன். யாருக்காவது மீதி தெரியுமா என்று கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

நேயர்களே, வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஓர் அப்பாயி இருக்கக்கூடும். முதலில் எழுதுங்கள். எங்கே வெளியிடுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஓரிடத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.